பாரிஸில் தனியாகத் தங்கப் போகும் பெண்ணுக்கு: தெருவை அறிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரியில் பாரிஸை யாரும் வெளிநாடு மாதிரிப் பேசுவதில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுக்காரர்களுக்கு அங்கே உறவு உண்டு. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள், இப்போது படிக்கப் போகும் பிள்ளைகள் என்று போக்குவரத்து நின்றதே இல்லை. அதனாலேயே தனியாகக் கிளம்பும் பெண்ணிடம், "அங்கதான் நம்ம ஆளுங்க இருக்காங்களே, என்ன பயம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எதைப் பார்க்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். மேற்படிப்புக்குப் போகிறாள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து முதலில் கேட்டது இதைத்தான்: "அக்கா, எது நல்ல ஏரியா, எது மோசமான ஏரியா? லிஸ்ட் போட்டுக் குடுங்க."

நான் நான்கு முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை முழுக்கத் தனியாக. அப்படி ஒரு பட்டியல் போட என்னால் முடியாது. போட்டுக் கொடுப்பவர்களையும் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலை பத்து மணிக்குக் குழந்தைகளும் பாட்டிகளுமாக இருக்கும் தெரு, இரவு பதினொன்றுக்கு வேறு தெருவாகிவிடுகிறது. அதனால் அவளுக்கு வேறு ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: ரயிலைவிட்டு இறங்கி என் அறைக் கதவு வரை நான் நடக்கிற வழி, நான் நடக்கிற நேரத்தில் எப்படி இருக்கும்? அந்த ஐந்நூறு மீட்டரைப் பற்றித்தான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

முதல் படி: ஊரின் அமைப்பு

புதுச்சேரி நேர்க்கோட்டு ஊர். கடற்கரையைப் பார்த்தபடி நின்றால் எந்த வீதி எங்கே போய் முட்டும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பாரிஸ் அப்படி இல்லை. நடுவில் ஒன்று என்று தொடங்கி நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி இருபது வட்டாரங்கள். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்கள்தான் வட்டார எண். 75005 என்றால் ஐந்தாவது, 75018 என்றால் பதினெட்டாவது. 93, 94, 95 என்று தொடங்கினால் அது பாரிஸுக்கு வெளியே உள்ள புறநகர். "பாரிஸ் பக்கத்துல ரூம்" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள்.

வட்டார எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பதினெட்டாவது வட்டாரத்திலேயே சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் மோன்மார்த்ர் குன்றும் இருக்கிறது, இரவில் நான் தனியாக நிற்க விரும்பாத பர்பெஸ் ரயில் நிலைய வாசலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடை தூரம்தான். அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் சிறு சிறு பேட்டைகளை "கர்த்தியே" என்பார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்தக் கர்த்தியேயை. அதிலும் நம் அறை இருக்கிற இரண்டு தெருவை.

இரண்டாம் படி: அறையைப் பிடிப்பதற்கு முன்

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது இது. இதற்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். கூகுள் வரைபடத்தில் முகவரியைப் போட்டு, பக்கத்து மெட்ரோ நிலையத்திலிருந்து தெருக்காட்சியில் நீங்களே நடந்து பாருங்கள். வழியில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ரொட்டிக் கடை, பச்சைச் சிலுவை விளக்கு போட்ட மருந்துக் கடை, உணவகம், ஹோட்டல் இவையெல்லாம் இருந்தால் நல்லது. நீளமான மதில் சுவர், பாலத்தடிச் சுரங்க நடை, ரயில் பாதையை ஒட்டிய வெற்றுத் தெரு, மாலையில் பூட்டிவிடும் பூங்கா இவை தொடர்ந்து வந்தால் யோசியுங்கள்.

நிலையத்தின் எந்த வாசலில் வெளியே வர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் மெட்ரோவில் வெளிவாசல்களுக்கு எண் உண்டு, சோர்த்தி 1, சோர்த்தி 2 என்று எழுதியிருக்கும். தவறான வாசலில் ஏறினால் அகலச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நிற்போம். வெளிச்சத்தில் அது பெரிய விஷயமில்லை. நவம்பர் இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு அப்படி நின்ற அனுபவம் எனக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கட்டடத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: தெருக்கதவுக்கு எண் பூட்டு இருக்கிறதா, உள்ளே இரண்டாவது கதவு உண்டா, கீழ்த்தளத்தில் கார்தியேன் எனப்படும் காவல்காரம்மா குடியிருக்கிறாரா. தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த சன்னலோடு அறை கிடைத்தால், வாடகை குறைவென்றாலும் வேண்டாம் என்பேன். ஆறாவது மாடியில் மின்தூக்கி இல்லாத சின்ன அறைகள் மாணவர்களுக்கு நிறையக் கிடைக்கும். கால் வலிக்கும், ஆனால் பயமில்லை.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும், தமிழ் பேசினாலும், அனுப்பாதீர்கள். முதல் வாரத்துக்கு ஒரு விடுதி அறையை எடுத்துக்கொண்டு, போய்ப் பார்த்து முடிவெடுங்கள். பெண்களுக்கு மட்டுமான பொது அறை வைத்திருக்கும் தங்கும் விடுதிகளும் அங்கே உண்டு.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவது பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்கள் பலர் சார்செல், கார்ழ், லா குர்நேவ் பக்கம் இருக்கிறார்கள். அத்தை வீட்டில் தங்கினால் மனத்துக்குத் தெம்பு, சாப்பாட்டுக்கும் கவலையில்லை. ஆனால் வகுப்போ வேலையோ இரவு எட்டு, ஒன்பதுக்கு முடிகிறதென்றால், தினமும் புறநகர் ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, குடியிருப்புகளுக்கு நடுவே நடக்க வேண்டும். அந்த வழியைக் கணக்கில் எடுங்கள். நிலையத்துக்கு யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று போவதற்கு முன்பே பேசி வையுங்கள். வாரநாளில் நகருக்குள் ஒரு அறை, சனி ஞாயிறு அத்தை வீடு என்று வைத்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். அத்தைக்கு முதலில் வருத்தம் வரத்தான் செய்யும், அப்புறம் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: விளக்கு வைக்கிற நேரம் அங்கே வேறு

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நமக்கு வீட்டில் சொல்லி வளர்த்த ஒரே பாதுகாப்பு விதி "இருட்டுறதுக்குள்ள வந்துடு" என்பதுதான். இங்கே வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். பாரிஸில் டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலை எட்டரை தாண்டித்தான் உதிக்கும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

அதனால் அம்மாவின் விதியை அப்படியே எடுத்துப்போனால் குளிர்காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாது. கோடையில் இன்னும் வெளிச்சமாக இருக்கிறதே என்று பத்து மணிக்கு ஆளில்லாத ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்போம். இருட்டைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். தெருவில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா? நாயைக் கூட்டிக்கொண்டு வயதான அம்மாக்கள் வருகிறார்களா? டிசம்பரில் ஆறு மணி கும்மிருட்டு, ஆனால் தெரு நிறைய வேலை முடிந்து போகிறவர்கள். அது நல்ல நேரம்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குளிர்காலத்தில் நமக்கும் பாரிஸுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அங்கே இரவு பதினொன்று என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை அல்லது இரண்டரை. "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு" என்று சொல்லும் அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருந்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்? இருப்பிடத்தைப் பகிர ஒருவரைப் பாரிஸ் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புத் தோழி, அறைத்தோழி, அத்தை மகள் யாரானாலும் சரி. நான் இறங்குவது இத்தனை மணிக்கு, அதற்கு அரை மணி கழித்தும் செய்தி வராவிட்டால் கூப்பிடு, எடுக்காவிட்டால் போலீஸ் எண் 17-க்கு அடி என்று தெளிவாகப் பேசி வையுங்கள். அம்மாவுக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

நான்காம் படி: பெட்டியில் வைப்பதும் வைக்காததும்

தங்கம் வேண்டாம். தாலிக்கொடியைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம் வரும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள், கம்பளிக்குள் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தெற்காசியப் பெண்கள் தங்கம் போடுவார்கள் என்பது அங்கே சங்கிலி பறிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். திருமணம், கோயில் திருவிழா முடிந்து நகையோடு ரயிலில் போவதுதான் மிக ஆபத்தான நேரம். விழாவுக்குப் போனால் அங்கே போய்ப் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது கழற்றி உள்பையில் வையுங்கள்.

மிளகு ஸ்பிரே வாங்கிப் போகாதீர்கள். பிரான்சில் அது ஆயுத வகையில் வருகிறது. தகுந்த காரணமில்லாமல் தெருவில் எடுத்துப்போனால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம். கையில் விசிலோ, ஊசியை இழுத்தால் அலறும் சின்ன அலாரமோ போதும்.

பாஸ்போர்ட், விசா, காப்பீடு இவற்றின் நகலைக் காகிதத்தில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதன் அவசர உதவி எண்ணையும் எழுதி வையுங்கள். பையைக் குறுக்காக, ஜிப் முன்பக்கம் வரும்படி மாட்டுங்கள். வங்கி அட்டை இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இறங்கும் நாள்

முடிந்தால் பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் அதற்குத் தகும்.

ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்திலேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று பக்கத்தில் வந்து பேசுவார்கள். சட்டை, அடையாள அட்டை எல்லாம் கச்சிதமாக இருக்கும். அவர்களோடு போகாதீர்கள். உண்மையான டாக்ஸிக்காரர் உங்களைத் தேடி உள்ளே வருவதில்லை. வெளியே வரிசை இருக்கும், அங்கே போய் நில்லுங்கள். நகருக்குள் போக நிலையான கட்டணம் உண்டு. 2025-ல் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது.

ரயிலில் போவதென்றால் ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் ரயிலின் பி வழித்தடம். சில ரயில்கள் புறநகர் நிலையங்களில் நிற்காமல் நேராகக் கார் துய் நோர் நிலையத்துக்குப் போகும், சில எல்லா இடத்திலும் நின்று போகும். பெட்டியோடு இருப்பவருக்கு நேர் ரயில்தான் சரி. கதவுக்குப் பக்கத்து இருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் கதவு மூடியிருக்கும். பயணச்சீட்டை வெளியே வரும் வரை வைத்திருங்கள், இல்லையென்றால் அபராதம்.

ஆறாம் படி: முதல் மூன்று நாள், தெருவுக்கு உங்களைத் தெரிய வையுங்கள்

நம் ஊரில் ஏன் பயமில்லாமல் இருக்கிறோம்? முனையில் பூக்காரம்மா இருக்கிறார். பெட்டிக்கடை அண்ணனுக்கு நம் வீடு தெரியும். புதிதாக ஒருத்தன் பைக்கில் நின்றால் எதிர்வீட்டு ஆயா, "யாருப்பா நீ, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டுவிடும். முத்தியால்பேட்டையில் கேமராவைவிட அந்த ஆயாவைத்தான் நான் நம்புவேன். இதே வேலையைப் பாரிஸில் நீங்களே செய்து வைக்க வேண்டும். மூன்று நாள் போதும்.

முதல் நாள் காலை அறையிலிருந்து மெட்ரோ வரை இரண்டு வழிகளில் நடங்கள். மாலை அதே வழியில் இன்னொரு முறை. இரண்டாம் நாள், நீங்கள் வழக்கமாகத் திரும்பப் போகும் நேரத்தில், யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்கு அடைக்கிறது, எந்த இடத்தில் விளக்கு இல்லை, எந்த முனையில் ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் வரவேற்பறை உள்ள ஹோட்டல் எது என்று கட்டாயம் குறியுங்கள்.

தினமும் ஒரே ரொட்டிக் கடைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் "போன்ழூர் மதாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இது அங்கே சின்ன விஷயமில்லை. போன்ழூர் சொல்லாமல் எதைக் கேட்டாலும் மரியாதையில்லாதவள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொல்லிவிட்டால் எவ்வளவு உடைந்த பிரெஞ்சிலும் உதவுவார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா உங்களைப் பார்த்ததும் ரொட்டியை எடுத்துவிடுவார். கார்தியேன் இருந்தால் அவருக்கும் ஒரு வணக்கம், பண்டிகை நாளில் கொஞ்சம் இனிப்பு. மருந்துக் கடைக்காரரிடமும் முகம் பழகிக்கொள்ளுங்கள். பகலில் அவசரமென்றால் நான் நுழையும் முதல் கடை அதுதான்.

கட்டடத்துக்குள் இரண்டு பழக்கங்கள் வேண்டும். கதவின் எண்ணை அழுத்தும்போது பின்னால் வருகிற ஆளை உள்ளே விடாதீர்கள். கதவைப் பிடித்துக்கொள்வது மரியாதை என்று நமக்குத் தோன்றும். அவர் அங்கே குடியிருப்பவர் என்றால் அவருக்கும் எண் தெரிந்திருக்கும். இன்னொன்று, மாடிப்படி விளக்கு. பழைய கட்டடங்களில் அது பொத்தானை அழுத்தினால் ஓரிரு நிமிடம் எரிந்து தானே அணைந்துவிடும், மினுத்ரி என்பார்கள். மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே திடீரென்று கும்மிருட்டானால் உயிரே போய்விடும். பொத்தான் ஒவ்வொரு தளத்திலும் எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

ஏழாம் படி: இரவில் திரும்புவது

இப்போது அந்த நவம்பர் இரவைச் சொல்கிறேன். என் இரண்டாவது பயணம். ரயில் தாமதமாகி, கார் துய் நோரில் இறங்கும்போது மணி பதினொன்றாகப் போகிறது. அலுப்பில் கண்ணில் பட்ட படியில் ஏறிவிட்டேன். வெளியே வந்தால் எனக்குத் தெரிந்த தெரு இல்லை. கைப்பேசியை எடுத்து வழி பார்த்துக்கொண்டே நடந்தேன், அது அடுத்த தவறு. ஒருவன் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தான். பதில் சொல்லாமல் வேகமாக நடந்தேன். அவனும் நடந்தான். சாலையைக் கடந்தேன், அவனும் கடந்தான். சந்தேகமே இல்லை என்று தெரிந்துவிட்டது. என் அறை இன்னும் இரண்டு தெரு தள்ளி. அங்கே போனால் என் வாசலை அவனுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். எதிரே ஒரு சின்ன ஹோட்டலில் விளக்கு எரிந்தது. நேராக உள்ளே போய், "போன்சுவார் மிசியே, ஒருத்தன் பின்னாலேயே வருகிறான்" என்றேன், பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவன் போய்விட்டான். டாக்ஸியையும் அவரே அழைத்துக் கொடுத்தார்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் விதிகள் இவை. இறங்குவதற்கு முன்பே ரயிலுக்குள் வழியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வேன், தெருவில் கைப்பேசியை எடுக்க மாட்டேன். காதில் எதையும் மாட்ட மாட்டேன். யாராவது பின்தொடர்ந்தால் ஒருபோதும் அறைக்குப் போக மாட்டேன், வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்குத்தான் போவேன். பெரிய நிலையங்களைச் சுற்றி இரவு முழுக்க ஆள் இருக்கும் ஹோட்டல்கள் நிறைய உண்டு.

மெட்ரோ விடியற்காலை ஐந்தரை வாக்கில் தொடங்கி நள்ளிரவு ஒன்றேகால் வரை ஓடும், வெள்ளி சனி இரவுகளில் இரண்டேகால் வரை. கடைசி ரயிலை நம்பி நேரத்தை ஓட்டாதீர்கள், தவறினால் தெருவில் நிற்க வேண்டும். இரவு நேரத்தில் ஆளில்லாத பெட்டியில் ஏறாதீர்கள். புறநகர் ரயிலில் ஓட்டுநருக்குப் பக்கத்து முன்பெட்டி நல்லது. ஷாத்லே நிலையத்தில் மாறுவதைப் பின்னிரவில் தவிர்ப்பேன். பூமிக்கடியில் அவ்வளவு நீளமான நடைபாதைகள், எங்கோ ஒரு வளைவில் ஆளே இருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் கூடுதலானாலும் சின்ன நிலையத்தில் மாறிக்கொள்ளலாம்.

மெட்ரோ நின்ற பிறகு நோக்திலியன் என்ற இரவுப் பேருந்துகள் ஓடும். அவற்றிலும், புறநகரின் பல வழித்தடங்களிலும் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டுநரிடம் கேட்டால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார். முன்கதவுப் பக்கம் நின்று முந்தைய நிறுத்தத்திலேயே கேட்டுவிட வேண்டும். வாடகைக் காரை செயலியில் அழைத்தால் வண்டி எண்ணைச் சரிபார்த்து, "யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று நீங்கள் கேளுங்கள். உங்கள் பெயரை அவர் சொல்லட்டும்.

எட்டாம் படி: நீ, நீங்கள்

யாராவது தொல்லை கொடுத்தால் சத்தம் போட வேண்டும். எந்தச் சொல்லால் சத்தம் போடுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, தமிழ்ப் பெண்ணுக்கு அது சட்டென்று புரியும். பிரெஞ்சிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு: "துய்" என்றால் நீ, "வூ" என்றால் நீங்கள். கோபத்தில் நமக்கு "டேய்" என்றுதான் வாயில் வரும். ஆனால் அங்கே "துய்" என்று கத்தினால், பக்கத்தில் போகிறவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை, காதலர் சண்டை என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடலாம். "வூ" என்று கத்தினால் இவள் அவனுக்கு அறிமுகமே இல்லாதவள் என்று ஒரே சொல்லில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்த நான்கை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், கண்ணாடி முன் நின்று, சத்தமாக. "லெஸ்ஸே முவா" என்றால் என்னை விடுங்கள். "ழெ நெ வூ கொனே பா" என்றால் நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. "ஓ ஸ்கூர்" என்றால் காப்பாற்றுங்கள். "அப்பெலே லா பொலீஸ்" என்றால் போலீஸைக் கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாமல் ஒருவரைக் காட்டிச் சொல்லுங்கள்: "மதாம், நீலக் கோட்டு, உதவுங்கள்." குறிப்பிட்டுக் கூப்பிட்டால் நழுவுவது அவர்களுக்குக் கஷ்டம்.

தெருவில் பாலியல் வசைபாடுவதும் பின்தொடர்ந்து தொல்லை தருவதும் பிரான்சில் 2018 ஆகஸ்ட் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். இது உங்கள் கற்பனை, நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒன்பதாம் படி: லா ஷப்பல், நம்மவர்கள்

எல்லாரும் முதலில் ஓடுவது லா ஷப்பலுக்குத்தான். கார் துய் நோருக்குப் பின்னால் ஃபொபூர் சேன் தெனி தெருவில் ஈழத் தமிழர் கடைகள், இட்லி, கறிவேப்பிலை, தமிழ்ப் பலகை. கொஞ்ச தூரத்தில் 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம், ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர். ஊர் ஞாபகம் வந்தால் போகத்தான் வேண்டும், நானும் போவேன். ஆனால் பகலில் போங்கள். மாலைக்கு மேல் நடைபாதை முழுக்க ஆண்களாக நிற்கும் இடம் அது. அந்தப் பகுதியில் பெண்களால் நிம்மதியாக நடக்க முடியவில்லை என்று 2017 மே மாதத்தில் குடியிருப்பவர்கள் மனுப் போட்டு, நாடு முழுக்க விவாதமானது. எல்லாரும் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கடைக்காரர்களில் எத்தனையோ பேர் தங்கச்சி, அக்கா என்று வழி காட்டுவார்கள்.

தமிழ் கேட்டதும் மனம் இளகிவிடுகிறது, அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். "நம்ம ஊர்ப் பொண்ணா, ரூம் நான் பாத்துத் தரேன், நம்பர் குடுங்க" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவருக்கு எண்ணையும் முகவரியையும் கொடுக்காதீர்கள். அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும். பெண்கள் உள்ள வீடு என்று சொன்னால் அந்தப் பெண்ணிடம் பேசிப் பாருங்கள். வாடகைக்கோ வேலைக்கோ பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது. சொந்தக்காரர் வீட்டிலேயே ஒருவரால் சங்கடம் என்றால், குடும்ப மானம் என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். 3919 என்பது வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான இலவச எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னத் திருட்டு, ஏமாற்று வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காது கேளாதவர்களுக்காகக் கையெழுத்துப் போடுங்கள் என்று அட்டை நீட்டும் பெண்கள், மோன்மார்த்ர் படியில் கையில் கயிறு கட்ட வருபவர்கள், ஆற்றங்கரையில் கீழே கிடந்த மோதிரத்தை எடுத்து "உங்களுடையதா?" என்பவர்கள், சாதாரண உடையில் போலீஸ் என்று சொல்லிப் பர்ஸைத் திறக்கச் சொல்பவர்கள். யாரிடமும் நிற்காதீர்கள்.

பத்தாம் படி: ஏதாவது நடந்துவிட்டால்

பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதற்காகப் போராட வேண்டாம்.

112 ஐரோப்பா முழுக்க வேலை செய்யும் அவசர எண், நம் ஊரிலும் அதே எண்தான் என்பதால் மறக்காது. நேரடியாகப் போலீஸ் 17, மருத்துவ அவசரம் 15. பேச முடியாத நிலை என்றால் 114-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ரயிலிலோ நிலையத்திலோ நடந்தால் 3117-க்குக் கூப்பிடலாம், அல்லது 31177-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், குற்றம் நடந்த வட்டாரமாக இருக்க வேண்டியதில்லை. எடுக்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்குச் சட்டப்படி முடியாது. "போர்த்தே பிளேந்த்", புகார் பதிய வந்திருக்கிறேன், என்று சொல்லுங்கள். மொழி தெரியாதென்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உண்டு, அதற்குக் காசு இல்லை. நகலை வாங்காமல் வராதீர்கள். பாஸ்போர்ட் போயிருந்தால் அந்த நகலோடுதான் பதினாறாவது வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால், எவ்வளவு தோன்றினாலும் குளிக்காதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள். மாற்றிவிட்டிருந்தால் அந்த உடையைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். நோத்ருதாம் பேராலயத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒத்தேல்-தியூ மருத்துவமனையில் இதற்கென்றே சட்ட மருத்துவப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் போலீஸ் வழியாகத்தான் அங்கே அனுப்புவார்கள், அதனால் 17-க்கு அடியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் போவது அதனாலும் முக்கியம். ஏன் அந்த நேரத்தில் போனாய் என்று ஊரிலிருந்து யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூட வருவதற்கு ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்துப் பெண் கிளம்பும்போது, அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். 112, 17, 114, 3117, 3919, அறையின் முழு முகவரி பிரெஞ்சில் (தெருக்கதவுப் பூட்டின் எண்ணை மட்டும் எழுதவில்லை), மெட்ரோ வாசல் எண் சோர்த்தி 2, பாரிஸ் நேரத்தில் விழித்திருக்கும் தோழியின் எண். அவள் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைக்கப் போனாள். "அதுல வைக்காதம்மா, பாஸ்போர்ட் போச்சுன்னா அதுவும் போயிடும்" என்றேன். கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டாள்.